ஜெனரேட்டரை இழுக்க பெட்ரோல் வண்டியா?

எங்க ஊர் திருவிடந்தையில் பெருமாளுக்கு தினமும் கல்யாணம். நித்யகல்யாணப் பெருமாள்னு பேரே அதான். கல்யாணம் கூடி வரணும்னு மாலையோட கோயிலைச் சுத்துறவங்க ஒரு பக்கம், ஈசிஆர் ஓரத்து ரிசார்ட்ல கல்யாணமே நடத்த வர்றவங்க இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது கூட்டத்தை நம்பித்தான் எங்க சித்தப்பாவோட சவுண்டு சர்வீஸ் ஓடுது. சீரியல் பல்பு, ஸ்பீக்கர், கூடவே ட்ரெய்லர்ல ஏத்தின ஒரு ஜெனரேட்டர். ட்ரெய்லரோட சேர்த்தா ஒரு டன்னைத் தாண்டும். அதை இழுக்க சொந்தமா ஒரு வண்டி வாங்கலாம்னு முடிவு பண்ணார். பெட்ரோலா டீசலா? பி.காம் படிக்கிற பையன் வீட்டுல சும்மாதானே இருக்கான், அவனைக் கேட்போம்னு என்கிட்ட வந்தார். விதி!

நானும் நோட்டை எடுத்தேன். 2012-ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு சுமார் 30 ரூபாய் வித்தியாசம் இருந்த காலமெல்லாம் உண்டு. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. 2022 மே கடைசியில சென்னையில பெட்ரோல் 102.63, டீசல் 94.24. வித்தியாசம் 8.39 தான். வருஷத்துக்கு 1,000 லிட்டர் போட்டாலும் மிச்சம் 8,390 ரூபாய். டீசல் பிக்கப்புக்குக் கூடுதலா 3 லட்சம் கொடுத்தா அதை எடுக்க 35 வருஷத்துக்கு மேல ஆகும். "சித்தப்பா, டீசல் காலம் முடிஞ்சுபோச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். இன்னிக்கும் நெறைய பேர் இந்தக் கணக்கைத்தான் சொல்றாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

கணக்குல தப்பே இல்லைங்க. கார் வாங்குறவருக்கு அது சரி. இழுவைக்கு மட்டும் செல்லாது.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு முகூர்த்தத்துக்கு தெரிஞ்சவரோட சின்ன பெட்ரோல் வண்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தோம். தார் ரோட்டுல ஜம்முனு வந்துச்சு. ரிசார்ட்டுக்குத் திரும்புற மணல் பாதையில நின்னுடுச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா சத்தம் வருது, வண்டி வரலை. கிளட்ச் கருகுற வாசனைதான் வந்துச்சு. கடைசியில படகு இழுக்குற டிராக்டரைக் கூப்பிட வேண்டியதாப்போச்சு. அது டீசல்னு தனியா சொல்லணுமா?

குதிரைசக்தியை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. 2020-ல வந்த மாருதி சூப்பர் கேரி பெட்ரோலுக்கு 73 பிஎஸ். மஹிந்திரா பொலேரோ பிக்கப் டீசலுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனா டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்புற முறுக்கு, அதுல 98 நியூட்டன் மீட்டர். இதுல ஏறத்தாழ 200. (வேற வேற சைஸ் வண்டியை ஒப்பிடறேன்னு சண்டைக்கு வராதீங்க, நம்ம கடைவீதியில சித்தப்பா முன்னாடி நின்னதே இந்த ரெண்டும்தான்.) டீசல்ல அந்த முறுக்கு எஞ்சின் மெதுவா சுத்தும்போதே கிடைச்சுடுது. பெட்ரோல்ல அதுக்கு எஞ்சினை வேகமா சுத்தவிடணும். நின்ன இடத்துலேர்ந்து மணல்ல ஒரு டன்னை நகர்த்த நமக்கு வேண்டியது எது? போதாக்குறைக்கு ஒரு லிட்டர் டீசல்ல இருக்குற சக்தியே பெட்ரோலைவிட பத்து சதவீதத்துக்கு மேல அதிகம். லிட்டருக்கு லிட்டர் விலையை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்ச என் கணக்குல இதெல்லாம் எங்கே வந்துச்சு?

"டெல்லியில பத்து வருஷத்துல டீசலை ஓரங்கட்டிடுவாங்களே"ன்னு ஒருத்தர் பயமுறுத்தினார். அண்ணே, அது தலைநகர் வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு. செங்கல்பட்டு எப்போ டெல்லிக்குள்ள போச்சு?

டீசலுக்கு ஒரு தலைவலி உண்டு, ஒத்துக்கறேன். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்புறம் பல டீசல் வண்டியில புகைக்கரி வடிகட்டி இருக்கு. சேர்ற கரியை எரிக்க எஞ்சின் நல்லா சூடாகணும். கோவளம் வரைக்கும் மட்டுமே போய்ட்டு வந்தா அடைச்சுக்கும். காய்கறி, பூக்கூடை ஏத்தி பக்கத்து ஊருக்குப் போறவர் தாராளமா பெட்ரோல் வாங்கட்டும். சித்தப்பாகிட்ட மட்டும், வாரம் ஒருமுறை செங்கல்பட்டு வரைக்காவது நிக்காம ஓட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.

டீசல் பிக்கப்புக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. தவணை கூடுதல்தான். அதை எந்த முகூர்த்த மாசத்துல எவ்வளவு கட்டுறதுன்னு மறுபடி என் நோட்டுலதான் கணக்கு ஓடுது. "இந்தத் தடவை மணலையும் சேர்த்துப் போடுடா"ங்கிறார் சித்தப்பா :-)