சொல் விளங்காத பாட்டு யாருக்கு?

பாட்டு என்பது சொல்லும் இசையும் இணைந்த ஒன்று. இசை மட்டும் முழங்கி, சொல் விளங்காமற் போகுமாயின், அது வேறு எதுவாகவும் இருக்கலாம். தமிழ்ப் பாட்டாக இருத்தல் இயலாது. இன்று நம் நாட்டில் வீட்டறைகளில் உருவாகி வெளிவரும் பாடல்கள் பலவற்றை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், தேறுவன சிலவே. பாடியவர் மீதும் எழுதியவர் மீதும் குற்றம் சுமத்துகிறோம். ஆனால் பல வேளைகளில் குற்றம் அவர்களிடம் இல்லை. எந்தக் கருவியை, எந்த வரிசையில், எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்பதில் இருக்கிறது.

வீட்டில் இசை ஆக்கும் முயற்சியை நான் பழிக்க வரவில்லை. மனமாரப் போற்றுகிறேன். ஒரு காலத்தில் ஒலிப்பதிவு என்றால் வானொலி நிலையத்தின் வாயிலிலோ வாடகைக் கூடத்தின் வாயிலிலோ காத்துக் கிடக்க வேண்டும். இன்று ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் இரண்டு ஒலிபெருக்கிகளும் இருந்தால் போதும். ஏ.ஆர். ரகுமான் 1992இல் ‘ரோஜா’ படத்துக்கு இசையமைத்தது, சென்னையில் தம் இல்லத்தோடு சேர்த்து அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட முதல் முழு இசைத்தொகுப்பு, லாஸ் ஏஞ்சலிசில் பெற்றோர் வீட்டில் அவருடைய தமையன் ஃபினியசின் படுக்கையறையில் உருவானது. 2020இல் அவ்வாண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. நம் மண்ணில், 2006இல் யோகி பி – நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு, மலேசியத் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டு சென்றது. சொல்லை முதலாக வைத்தவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது.

அந்த வெற்றியைக் கண்டு எழுந்த இளைஞர்கள் செய்வது என்ன? கையில் சேர்ந்த வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்கிறார்கள். இருப்பனவற்றுள் பெரிய ஒலிபெருக்கியை வாங்குகிறார்கள். நெஞ்சு அதிர்கிறதா என்பதே சோதனை. அடுத்து, பெயர் பெற்ற மென்பொருளை விலை கொடுத்தோ, கொடுக்காமலோ பெறுகிறார்கள். அறையைப் பற்றிய நினைவு கடைசியில்கூட வருவதில்லை. சொல் கேட்கிறதா என்ற வினாவோ எழுவதே இல்லை. இந்த வரிசை தலைகீழ் என்கிறேன். முதலில் சொல்; அடுத்து அறை; பிறகு ஒலிபெருக்கி; இறுதியில் மென்பொருள். இதுவே தமிழுக்கு ஏற்ற வரிசை.

இதற்கு ஒலியியல் சான்று உண்டு. தலை, தளை, தழை என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்திக் காட்டுவது எது? லகர ளகர ழகரங்களை ஒலிக்கும்போது நா வளைவதால் எழும் நுண்ணொலி வேறுபாடு. அவ்வேறுபாடு பெரும்பாலும் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ‘பேஸ்’ என்று இளைஞர் கொண்டாடும் தாழ்ந்த ஒலியோ 200 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளது. தாழ்ந்த ஒலி மிகுந்து முழங்கும்போது அது தனக்கு மேலுள்ள ஒலிகளை மூடி மறைக்கும். ஒலி உரக்க உரக்க இம்மறைப்பும் மேல்நோக்கிப் பரவும். மனிதச் செவியின் இயல்பு அது. ஆகவே, அதிர்வுக்காகவே வாங்கிய ஒலிபெருக்கி முதலில் காவு கொள்வது நம் மெய்யெழுத்துகளை. வகுப்பறையில் ழகரத்துக்காக ஓராண்டு முழுதும் பாடுபடுகிறோம். மாலையில் மாணவன் கேட்கும் பாடலில் அந்த ழகரமே இல்லை. எவர் வெல்வார்?

“ஒலிபெருக்கி இனிமையாக இருக்க வேண்டாமா?” என்று கேட்பர். கேட்டு மகிழ்வதற்கு வாங்குவோர் இனிமையைத் தேடட்டும். ஆக்குவதற்கு வாங்குவோர் உண்மையைத் தேட வேண்டும். யமஹா நிறுவனம் 1978இல் என்.எஸ்.10 என்ற ஒலிபெருக்கியை இல்லங்களுக்கென வெளியிட்டது. இல்லத்தார் அதனை விரும்பவில்லை. ஆனால் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அது மேசைமேல் ஏறி அமர்ந்தது. 2001இல் உற்பத்தி நின்ற பிறகும் பலர் அதனைக் கைவிடவில்லை. காரணம், குரல் இருக்கும் நடுப்பகுதியின் குறைகளை அது மறைக்காமல் எடுத்துக் காட்டியது. புகழ்ந்து கெடுக்கும் நண்பனையும் திருத்திக் காக்கும் ஆசானையும் நாம் அறிவோம். ‘மானிட்டர்’ எனப்படும் ஒலிபெருக்கி இரண்டாமவன். அதில் நன்றாக ஒலிக்கும்படி திருத்திய பாட்டு எங்கும் நன்றாக ஒலிக்கும்.

அளவும் அவ்வாறே. நம் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் உள்ள சிறிய அறைகளுக்கு ஐந்து அங்குல ஒலிபெருக்கி இரண்டு போதும். ஃபினியஸ் பயன்படுத்தியவையும் யமஹா எச்.எஸ்.5 என்னும் ஐந்து அங்குலப் பெட்டிகளே. தாழ்ந்த ஒலிக்கென ஒரு துணைப் பெட்டி மட்டும் உடன் வைத்திருந்தார். எட்டு அங்குலம் வாங்கினால் பாட்டு எட்டு அங்குலம் உயர்ந்துவிடாது. சிற்றறையில் பெருமுழக்கம், சிறு குடத்தில் ஊற்றிய பெருவெள்ளம் போன்றது.

இங்கே அறையின் கணக்கைச் சொல்ல வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் ஒலி சிக்கிக்கொள்கிறது. அது சுவரோரத்தில் வீங்கும். அறை நடுவில் மெலியும். நீளமும் அகலமும் ஒன்றாதலின் இக்கேடு இரட்டிப்பாகும். கூரையும் பத்தடியானால் மும்மடங்காகும். நடுவில் நாற்காலியிட்டு அமரும் இளைஞனுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகவே கேட்கும். குறை என்று எண்ணிக் கூட்டுவான். அவன் அறையில் அளவாக இருந்த பாட்டு, அடுத்தவர் காரில் கண்ணாடியை அதிரச் செய்யும்; சொல் புதைந்து போகும். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய பெட்டியும் இதனை மாற்றாது. அறையைத் திருத்தாமல் கருவியை மாற்றுதல், கரும்பலகையைத் துடைக்காமல் சுண்ணக்கட்டியை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

திருத்தமும் அரிதன்று. அறை நடுவில் அமர்தல் கூடாது. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். மேலொலி தரும் சிறு கூம்பு செவியின் உயரத்தில் இருக்க வேண்டும். மூலைகளில் பாறைக்கம்பளி போன்ற தடித்த பொருளை நிறுத்தினால் தாழ்ந்த ஒலி ஓரளவு அடங்கும். முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவோர் சுவரை அழகு கெடுப்பதோடு சரி. மெல்லிய திரைச்சீலை மேலொலியை மட்டுமே உண்ணும். நூல்கள் நிறைந்த அலமாரி எதிரொலியைச் சிதறடிக்கும். தமிழாசிரியர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை அல்லவா? அண்டை வீட்டாரை எண்ணி இரவில் பணிபுரிவோர் நல்ல ஹெட்போன் ஒன்றைக் கொள்ளலாம். புளூடூத் வழி இயங்குவது வேண்டா. ஒலி தாமதித்து வருதலின், அதனைக் கேட்டுப் பாடுவோர்க்குத் தாளம் தவறும்.

அறை அளத்தல் நமக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடுவதற்கு முன்னரே அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல் என்று அளந்து வைக்கிறது. ஒலி கருதியே அவ்வாறு அளந்தனர் என்று நான் வாதிடவில்லை. அளந்த பின்னரே ஆடினர் என்பதையே நினைவூட்டுகிறேன்.

இனி மென்பொருள். “விலை உயர்ந்த மென்பொருளில்தான் ஒலி நயம் உண்டு” என்பது விளம்பரம் வளர்த்த மூடநம்பிக்கை. பதிவு செய்த ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் கணக்கே. அக்கணக்கை எல்லா மென்பொருளும் செவிக்கு வேறுபாடு தெரியாதபடி ஒன்றாகவே செய்கின்றன. வேறுபாடு பயன்படுத்தும் முறையில்தான் உள்ளது. 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம்; பள்ளிப் பதிவுகளுக்கு அதுவே போதும். ஆப்பிள் கணினி வைத்திருப்போர்க்குக் கராஜ்பேண்ட் உண்டு. ரீப்பர், தனியார் பயன்பாட்டுக்கு 60 அமெரிக்க டாலர். 60 நாள் சோதித்துப் பார்க்கவும் இடம் தருகிறது. அண்டையிலுள்ள சிங்கப்பூரின் பேண்ட்லேப், உலாவியிலும் கைப்பேசியிலும் இலவசமாக இயங்குகிறது. அமெரிக்காவில் புகழ் பெற்றிருந்த கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சி 2017இல் நிறுத்தப்பட்டபோது, 2018இல் அதனை வாங்கி இலவசமாக வழங்கியதும் அந்நிறுவனமே. பெரும்பெயரும் ஒருநாள் நின்றுவிடும் என்பதற்கு இது சான்று. ஆகவே, ஒவ்வொரு தடத்தையும் எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய வேவ் கோப்பாகத் தனியே சேமித்து வைத்தல் அறிவுடைமை.

இவ்வளவு இருந்தும் திருடிய மென்பொருளை நாடுவோரை என்னென்பது? மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. சட்டத்தை விடுங்கள். தம் பாடலைப் பிறர் களவாடினால் குமுறும் கலைஞர், பிறர் உழைப்பைக் களவாடி அப்பாடலை ஆக்கலாமா? மாணவன் விடைத்தாளைப் பார்த்தெழுதினால் தண்டிக்கும் நாம், பள்ளி விழாவுக்குத் திருட்டு மென்பொருளில் இசை அமைத்துவிட்டு எந்த முகத்தோடு அவன்முன் நிற்பது?

தமிழ் இசைக்கு மென்பொருள் தேர்வோர் பார்க்க வேண்டியவை வேறு. பல மென்பொருள்கள் திறந்தவுடன் நான்கு தட்டுக் கட்டத்தையும் நிமிடத்துக்கு 120 தட்டையும் நம்முன் விரிக்கின்றன. ஐந்துக்கும் ஏழுக்கும் அக்கட்டத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கண்டச் சாப்பும் மிசிரச் சாப்பும் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்து, சுரத்தைத் திருத்தும் வசதி. 1997இல் ஆட்டோ-டியூன் வந்தது முதல், பிசகிய சுரத்தைப் பன்னிரண்டு படிகளுள் ஒன்றில் இழுத்து நிறுத்துவது எளிதாயிற்று. தோடி இராகத்துக் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதன்று. ரிடபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்து உயிர்ப்பது. அதனைப் பிழையெனக் கொண்டு கருவி நேராக்கினால், கமகம் இறக்கும். இவ்வசதியை வேண்டும் இடத்தில் மட்டும் இயக்கவும், மற்ற இடங்களில் அறவே நிறுத்தவும் இயல வேண்டும். இயலாதது எத்துணை விலையுடையதாயினும் நமக்கு ஆகாது.

“தமிழாசிரியருக்கு இதெல்லாம் எதற்கு? பொறியாளர் பார்த்துக்கொள்ளட்டும்” என்று கூறுவோர் உளர். தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து, எழுத்துகள் எங்கெங்குப் பிறக்கின்றன என்று ஆராய்ந்தார். எழுத்தின் பிறப்பை அறிந்த நாமே அதன் இறப்பையும் அறிய வேண்டியவர்கள். பொறியாளர் தமிழ் அறியாதவராயின், ழகரம் போனதை அவருக்கு யார் எடுத்துரைப்பது?

ஆகவே ஒரு நடைமுறையை முன்வைக்கிறேன். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒலிக்கருவி வாங்கும் குழுவில் ஒரு தமிழாசிரியர் இருக்கட்டும். தலை, தளை, தழை; மரம், மறம்; மனம், மணம் ஆகிய சொற்களை மாணவர் ஒருவர் குரலில் பதிவு செய்து கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் போட்டுக்காட்டும் முழக்கத்துக்கு மயங்காமல், இப்பதிவை இசையோடும் இசையின்றியும் மெல்லிய ஒலியளவில் கேளுங்கள். உரக்கக் கேட்டால் எல்லாப் பெட்டியும் நல்லனவாகவே தோன்றும். சிறுவர் செவிக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல் என்னும் அளவே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை என்பதையும் மறவாதீர். எந்தப் பெட்டியில் அச்சொற்கள் ஒன்றோடொன்று மயங்காமல் ஒலிக்கின்றனவோ, அதனை வாங்குங்கள். பாட்டுப் போட்டிகளிலும் ஒரு விதி சேர்ப்போம்: பாடலை முன்பின் கேட்டறியாத ஒருவர், ஒருமுறை கேட்ட அளவில் அதன் சொற்களை எழுதிக் காட்ட இயல வேண்டும்; இயலாத பதிவுக்குப் பரிசில்லை.

கடுமை என்பர் சிலர். கடுமைதான். தமிழ் ஒலி நம் பிள்ளைகளின் நாவில் நிலைக்க வேண்டுமாயின், அது முதலில் அவர்கள் செவியில் விழ வேண்டும். அதற்குத் தடையாக நிற்கும் கருவி எதுவாயினும், எவ்விலையாயினும், அதனைப் பள்ளியிலும் வீட்டிலும் வாங்க மறுப்போமாக.