இருக்கிறது எத்தனை, உனக்குக் கொடுத்தது எத்தனை?

பிகாம் படிச்ச பேங்க் ஆபீசருக்கு பில்ட் ஸ்கிரிப்டில் என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்களே. போபாலோ புனேவோ, பிழைக்க வந்த நம்ம வீடுகளில் எத்தனையோ பசங்க பொட்டி தட்டத்தான் படிக்கிறாங்க. அவங்க லேப்டாப்புக்கு இ.எம்.ஐ. கட்டுறது நாமதானே!

சோர்ஸ் கோடில் இருந்து ஒரு சாஃப்ட்வேரைத் தயார் பண்ணும்போது, ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓட்டலாம்னு பில்ட் ஸ்கிரிப்ட் முடிவு பண்ணணும். நிறைய ஸ்கிரிப்டில் 'மேக் -ஜே8'ன்னு கல்வெட்டு மாதிரி இருக்கு. எழுதின புண்ணியவான் பொட்டியில் 8 கோர், அதனால் ஊருக்கெல்லாம் 8. அதைவிடக் கொடுமை, எண்ணே போடாத வெறும் '-ஜே'. அதுக்கு வரம்பே கிடையாது. ஆரம்பிக்க முடிஞ்ச எல்லா வேலையையும் ஒண்ணா ஆரம்பிச்சுடும். 4 ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டாப் அப்படியே உறைஞ்சு போகும். பையன் "லேப்டாப் சரியில்லப்பா, புதுசு வாங்கணும்"பான். கோளாறு லேப்டாப்பில் இல்லைங்க.

இன்னொரு கூட்டம் '/ப்ராக்/சிபியுஇன்ஃபோ' கோப்பைத் திறந்து, ப்ராசசர்னு வர்ற வரிகளை எண்ணும். ஆப்பிள் பொட்டியில் அந்தக் கோப்பே கிடையாது. லினக்ஸிலும் அது மெஷினில் இருக்கிறதைத்தான் சொல்லும், நமக்கு ஒதுக்கினதை இல்லை. எங்க பேங்க்கில் சாங்ஷன் லிமிட் 50 லட்சம்னாலும், ஸ்டாக்கைப் பார்த்துப் போட்ட டிராயிங் பவர் 30 லட்சம்னா 30தான் எடுக்கலாம். ஸ்கிரிப்ட் கேட்க வேண்டியது டிராயிங் பவரை!

அதுக்குன்னே 2009லேயே குனு கோர்யூட்டில்ஸில் 'என்ப்ராக்' வந்தாச்சு. 'டாஸ்க்செட்' போட்டு 2 கோருக்குள் கட்டி வெச்சா, 2ன்னு சரியா சொல்லும். ஆனா டாக்கர் கன்டெய்னருக்கு 'சிகுரூப்' வழியா 2 ப்ராசசர் அளவு நேரம் மட்டும் கொடுத்திருந்தா, 64 கோர் சர்வரில் அதுவும் 64ன்னே சொல்லிட்டிருந்தது. 2025ல் வந்த 9.8 பதிப்பில்தான் அந்தக் கோட்டாவையும் பார்க்க ஆரம்பிச்சது. பழைய பதிப்பு ஓடுற இடத்தில் ஸ்கிரிப்டே 'சிபியு.மேக்ஸ்' கோப்பைப் படிக்கணும். அதில் '200000 100000'ன்னு இருந்தா, வகுத்துப் பாருங்க, 2. இவ்வளவுதான் கணக்கு. காமர்ஸ்காரனுக்கே புரியுது :-)

"வேணும்னா அவங்களே மாத்திக்கட்டுமே"ன்னு ஒரு பதில் வரும். மாத்த எங்கே இடம் விட்டீங்க? காலேஜ் முதல் வருஷப் பையன் உங்க ஸ்கிரிப்டுக்குள் புகுந்து அந்த ஒரு வரியைத் தேடணுமா? வெளியே இருந்து ஒரு எண் கொடுத்தா, முதலில் அதை மதிங்க. கொடுக்கலைன்னா என்ப்ராக்கைக் கேளுங்க. அதுவும் இல்லைன்னா 1ன்னு வைங்க. ராத்திரி முழுக்க ஓடினாலும் பரவாயில்லை, காலையில் முடிஞ்சிருக்கும்.