ஊரில் உள்ள மனை

சென்ற மாதம் நமது சங்க நூலகத்திற்கு வந்த முதியவர் ஒருவர், செங்கற்பட்டுப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையின் கிரயப் பத்திரத்தை எம் முன் விரித்து வைத்தார். மாதுங்காவில் ஒண்டுக் குடித்தனம் நடத்திச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மனை எப்படி இருக்கிறதோ என்பதே அவர் கவலை. ரயிலேறிச் சென்று பார்த்துவர உடம்பு இடந்தரவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்த கைபேசியிலேயே பார்க்கத் தொடங்கினோம். தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையத் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைக் குறித்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். பட்டியல் நீண்டு வந்தது; ஒரே சர்வே எண்ணில் பலர் வாங்கிய மனைகள் அல்லவா? அவருடைய மனையைப் பொறுத்தவரை அவர் பெற்ற கிரயம் ஒன்றே காணப்பட்டது. பெரியவர் முகம் மலர்ந்தது.

அடுத்து, வருவாய்த் துறையின் நில ஆவணத் தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்தோம். பட்டா பழைய உடைமைக்காரர் பெயரிலேயே நின்றது! புலப்படத்தில் இவர் மனை தனியே பிரிக்கப்படவும் இல்லை. பத்திரம் பதிவானால் பட்டா தானே மாறிவிடும் என்று இருந்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோமோ! பழைய உடைமைக்காரரின் வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி வேறொருவருக்கு விற்க முற்பட்டால், கோர்ட்டுப் படியேற வேண்டியவர் இவர்தாம். பட்டா மாற்றத்திற்கு இப்போது இணைய வழியே மனுச் செய்யலாம். உட்பிரிவு செய்ய நில அளவர் நேரில் வந்து அளந்தாக வேண்டும்.

வீடு கட்டும் எண்ணமுடையோர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பின்னர், 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அங்கீகாரமோ வரன்முறையோ இருந்தால் மேற்கொண்டு வேலை எளிது. 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமோ மேல் ஒரு மாடியோ கட்டுவோர், சுயசான்று அளித்து இணைய வழியே உடனுக்குடன் அனுமதி பெறலாம்.

வில்லங்கப் பட்டியலில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும் என்பதையும் பெரியவரிடம் சொன்னோம். பதிவாகாத உயிலோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையோ, பக்கத்து வீட்டார் நகர்த்திய வேலியோ அதில் தெரியாது. அவருடைய மருமகன் பொங்கலுக்கு ஊர் செல்கிறார். பத்திரத்தின் நகலுடன் போய், நான்கு எல்லையும் அதில் கண்டபடி இருக்கின்றனவா, மூலைக்கல் நிற்கிறதா என்று பார்த்துக் கடிதம் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.