கோல் வாயிலில் நிற்கும் மாணவன்

உதைபந்தாட்டம் வேரூன்றிய துறைமுக நகரம் திருகோணமலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் இங்கே கோணேசபுரியில் அமைந்துள்ளது. ஆயினும், மகன் பல்கலைக்கழகம் புகுந்ததும் "இனிப் பந்து எதற்கு?" என வினவும் பெற்றோர் உளர். அவ்வினா அன்பினின்று எழுவதே, எனினும் பொருந்துவதன்று.

டென்மார்க்கின் நீல்ஸ் போர், கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்திலேயே கோல்காப்பாளராக நின்றார். 1922இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்றார். 1908 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் ஆடிய அவர் தம்பி ஹரால்ட், பின்னர் கணிதப் பேராசிரியரானார். இளமையில் அல்ஜியர்ஸ் நகரில் கோல் காத்த அல்பேர் காம்யூவை 1930இல் ஆட்டத்தினின்று பிரித்தது காசநோயே, கல்வியன்று. 1957இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு அவரை அடைந்தது.

பந்து காத்தவரெல்லாம் அறிஞராவர் என்பதன்று என் வாதம். ஆட்டம் கல்வியைக் கெடுக்கும் என்னும் அச்சத்துக்கு இவர்கள் மறுமொழியாவர். 24 அடி அகல வாயிலில் தனித்து நிற்பவன், பத்துப் பேரின் பிழையையும் இறுதியில் தானே எதிர்கொள்கிறான். விட்ட கோலுக்கு வருந்தி நில்லாது அடுத்த பந்தை நோக்குகிறான். பரீட்சை மண்டபத்திலும் வாழ்விலும் வேண்டப்படும் திடம் இதுவன்றோ? ஆசிரியப் பெருமக்களே, விரிவுரையைக் குறைக்க வேண்டா. மாலைப் பொழுதை மட்டும் அவனுக்கு விட்டுவிடுங்கள்.