மணமாலைக்கும் தில்லியின் இசைவா?

ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி உற்றார் நடுவே மாலை மாற்றிக்கொள்வது அவ்விருவர்தம் உரிமை. அவ்வுரிமைக்குச் சட்டக் காப்பளிக்க ஒரு மாநிலம் முற்பட்டால், அதுவும் தில்லியின் ஒப்பத்திற்குக் கைகட்டி நிற்கவேண்டும் என்பது எவ்வகை நெறி? தன்மதிப்புத் திருமணச் சட்டத்தின் வரலாறு இவ்வினாவைத் தமிழர்முன் நிறுத்துகின்றது.

எரியோம்பலும் வேற்றுமொழி மந்திரமும் இன்றித் தமிழர் மணம் நிகழ்ந்தமைக்கு அகநானூற்றின் 86-ஆம் 136-ஆம் பாடல்கள் சான்றாகும். பந்தரிட்டு மணல் பரப்பி, மகப்பெற்ற மகளிர் நீராட்டி வாழ்த்த, மணம் இனிதே முடிந்ததை 86-ஆம் பாடல் காட்டுகின்றது. இடைக்காலத்தே இழந்த அவ்வெளிமையை மீட்கவே, அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928-ஆம் ஆண்டு பெரியார் நடத்திய திருமணம் முதலாக, வடமொழிச் சடங்கை விலக்கிய மணங்கள் நாடெங்கும் பரவின.

ஆயின் சட்டம் என் செய்தது? 1953-ஆம் ஆண்டு சென்னை உயர் முறைமன்றம், இத்தகைய மணம் வழிவழி வந்த வழக்கமன்று. ஆதலின் செல்லாது என்று தீர்ப்புரைத்தது. ஊரறிய மணந்து இல்லறம் நடத்தியவள் சட்டத்தின் கண்ணில் மனைவியாகாள். அவள் ஈன்ற மக்கள் உரிய மக்களாகார்! நேற்றுவரை குடும்பத் தலைவியாயிருந்தவளை ஒரு தீர்ப்பு எவளோ ஒருத்தியாக்கிற்று.

இக்கொடுமையைத் துடைத்தது 1967-ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவை அது சேர்த்தது. உறவினரோ நண்பரோ பிறரோ உடனிருக்க, மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறலாம். அல்லது மாலை சூட்டலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்றே போதும். முன்னர் நிகழ்ந்த தன்மதிப்பு மணங்களுக்கும் அச்சட்டம் உயிரளித்தது.

அவ் 'அல்லது' என்னும் சொல்லை இலக்கணம் பயின்றார் உற்றுநோக்குக. அவ்விடத்தே எண்ணும்மை நின்றிருந்தால் மாலையும் மோதிரமும் தாலியும் ஒருங்கே கட்டாயமாகியிருக்கும். பழைய தளை கழன்ற இடத்தில் புதிய தளை பூட்டப்பட்டிருக்கும். 'அல்லது' நின்றமையால் தெரிவு மணமக்கள்பால் நின்றது. தாலி வேண்டுவார் கட்டுவர், வேண்டாதார் விடுவர். வடமொழிச் சடங்கை விரும்புவாரையும் அச்சட்டம் தடுத்திலது. 'மாநில அரசு தனியார் வாழ்வில் கைவைக்கின்றது' என்று அன்று கூக்குரலிட்டார் எவருடைய கதவு அடைக்கப்பட்டதெனக் காட்டுவரா?

'சடங்கு வேண்டாதார்க்கு 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் இருந்ததே' என்பாரும் உளர். அச்சட்டப்படி மணக்க விரும்புவோர் முப்பது நாள் முன்னரே அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். அது அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். குலம் கடந்து மணக்கத் துணிந்த இளையோர்க்கு அம்முப்பது நாள் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை நாட்டார் அறிவர். 7-அ பிரிவுக்கோ அத்தகைய அறிவிப்பு வேண்டா. ஊரறிய விளம்பிய மணமே செல்லும் என்னும் கருத்தை மறுத்து, 2023-ஆம் ஆண்டு உச்ச முறைமன்றமும் இத்தன்னுரிமையை நிலைநாட்டிற்று.

இத்துணை நன்மை பயந்த சட்டம் பேரவையில் நிறைவேறிய அன்றே நடைமுறைக்கு வந்ததா? இல்லை. மணமும் மரபுரிமையும் பொதுப்பட்டியலில் உள்ளன. நடுவணரசின் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மாறுபடுமாயின், அரசமைப்பின் 254-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தாலன்றி அது நில்லாது. அன்று ஒப்புதல் 1968 சனவரியில் கிடைத்தது. கிடைக்காதிருந்தால்? மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்து 2017-ஆம் ஆண்டு பேரவை நிறைவேற்றிய இரு முன்வரைவுகள் ஒப்புதலின்றி மடிந்ததைத் தமிழர் கண்டனர். ஒப்புதல் பெற்ற சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னொரு நாள் நீக்கலாம் என்று அப்பிரிவே கூறுகின்றது. இது கொடையேயன்றி உரிமையன்று.

'நாடெங்கும் ஒரே சட்டம் வேண்டும்' என்பார் மகளிர் சொத்துரிமையின் வரலாற்றை எண்ணிப் பார்க்கட்டும். பெண்ணுக்கு ஆணோடொத்த சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டுத் தன்மதிப்பு மாநாடு 1929-ஆம் ஆண்டே முழங்கிற்று. 1956-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளைப் பிறப்புரிமைப் பங்காளியாக்கவில்லை. ஆந்திரம் 1986-இலும், தமிழ்நாடு 1989-இலும், மராட்டியமும் கருநாடகமும் 1994-இலும் அவ்வுரிமையை வழங்கின. முன்னரே மணமான மகளிரைத் தமிழ்நாட்டுச் சட்டம் விட்டுவிட்டது குறையே; எனினும் வழி திறந்தது. நடுவணரசு விழித்தது 2005-இல்! ஒரே சட்டம் என்னும் கோட்பாட்டை மாநிலங்கள் ஏற்று வாளாவிருந்திருந்தால், தமிழ்மகள் மேலும் பதினாறாண்டு காத்திருக்க நேர்ந்திருக்கும்.

எனினும் ஒன்று தெளிதல் வேண்டும். மாநில உரிமை என்பது மாநில ஆட்சியாளரின் மனம்போன போக்கிற்கு உரிமையன்று. 2002-ஆம் ஆண்டு இதே தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை என்னும் பெயரால் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் சமயம் மாறும் சடங்கை மாவட்ட ஆட்சியாளர்க்கு அறிவித்தல் வேண்டும் என்றது அது. மக்கள் எதிர்ப்பின் பின் 2004-இல் அது விலக்கப்பட்டது. சென்னையிற் பிறந்தமையால் அது நற்சட்டம் ஆகிவிடவில்லை. தளை தில்லியிற் செய்யப்பட்டாலும் தளையே. சென்னையிற் செய்யப்பட்டாலும் தளையே.

ஆதலின் அளவுகோல் ஒன்றே: குடிமக்களின் தன்னுரிமையை விரிக்கும் மாநிலச் சட்டத்திற்குத் தில்லியின் இசைவு வேண்டா, அதனைச் சுருக்கும் சட்டம் எங்குப் பிறப்பினும் எதிர்க்கத் தக்கது. நடுவண் சட்டம் அடித்தளமாக மட்டும் நிற்கட்டும். அதன்மேல் உயர எழுப்பும் உரிமை மாநிலத்திற்கு வேண்டும்.

1969-இல் அமைத்த இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது; 1974-இல் பேரவை தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றிற்று. அவையிரண்டும் ஏட்டளவில் உறங்குகின்றன. ஒப்புதலுக்கு முறைமன்றம் கால எல்லை வகுத்தல் இயலாதென்று 2025 நவம்பரில் உச்ச முறைமன்றமே உரைத்துவிட்டமையால், அரசமைப்பைத் திருத்துவதன்றி வேறு வழியில்லை. வாக்குக் கேட்டு வருவோர் ஒவ்வொருவரையும் தமிழ்மக்கள் இதனைக் கேட்பாராக: எம் மக்கள் சூடும் மாலைக்குத் தில்லி எதற்கு?