டெல்லி டீசல் கார் சல்லிசா கிடைக்குதா? வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

'டெல்லி வண்டி, சிங்கிள் ஓனர், 2014 மாடல் டீசல், விலை பேசிக்கலாம்.' செகண்ட் ஹேண்ட் கார் தேடும் யாருடைய போனிலும் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும். அதே மாடல், அதே வருடம், தமிழ்நாட்டுப் பதிவெண் என்றால் கூடுதல் விலை. டெல்லிப் பதிவெண் என்றால் மட்டும் ஏன் மலிவு?

விடை நீதிமன்ற உத்தரவுகளில் இருக்கிறது. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியிலும் 10 வயதைத் தாண்டிய டீசல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கிடையாது என்று டெல்லியில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது தள்ளிப்போனது. ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதைக் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது.

பத்து வருடமாக இப்படி மாறி மாறி வந்தால் என்ன ஆகும்? வண்டி நல்லா ஓடினாலும், வைத்திருப்பவருக்குப் பயம். வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். அது வெளி மாநிலங்களுக்குப் போகிறது. நம்ம ஊரில் டீசல் காருக்கு 10 வருட வரம்பு இல்லை என்பதால் இங்கேயும் வருகிறது. சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. கேள்வி, நம்ம பர்ஸுக்கு இது சரிப்பட்டு வருமா என்பதுதான்.

டீசல் ஏன் லாபமாக இருந்தது?

2012 மே மாத நிலவரத்தைப் பாருங்கள். டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73.18 ரூபாய், டீசல் 40.91 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம்! அந்தக் காலத்தில் டீசல் கார் வாங்காதவரைத்தான் ஏமாளி என்றார்கள். ஸ்விஃப்ட் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2024 மார்ச் நிலவரப்படி சென்னையில் பெட்ரோல் 100.75, டீசல் 92.34. வித்தியாசம் எட்டரை ரூபாய்கூட இல்லை.

இப்போ கணக்கு. நகரத்துக்குள் பெட்ரோல் கார் 14 கி.மீ., டீசல் கார் 18 கி.மீ. மைலேஜ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையில் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 7.20 ரூபாய், டீசலுக்கு 5.13 ரூபாய். மிச்சம் இரண்டு ரூபாய் சொச்சம். வீட்டிலிருந்து ஆபீஸ், வாரக் கடைசியில் ஒரு மால் என்று மாதம் 600 கி.மீ. ஓட்டுபவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய் மிஞ்சும். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 50,000-ஐ நெருங்கும்.

இந்த 15,000 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டீசல் இன்ஜினில் ஒரு பெரிய வேலை வந்தால், அது இந்த எண்ணோடுதான் மோதும்.

எங்கே அடி வாங்கும்?

இப்போதைய டீசல் இன்ஜின்கள் 'காமன் ரெயில்' வகை. டீசலை 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியாக இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தாலும், ஃபியூயல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாமல் விட்டாலும் இன்ஜெக்டர் காலி. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலிங்கில் உதறல், கரும்புகை எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பல மாடல்களில் புது இன்ஜெக்டர் ஒன்றின் விலையே ஐந்து இலக்கம். நான்கு சிலிண்டருக்கு நான்கு வேண்டும். சரிசெய்து போட்டால் செலவு குறையும், எத்தனை நாள் தாங்கும் என்பது அதைச் செய்பவரின் கைப்பக்குவம்.

அடுத்தது டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பாகம் இது, உயிர் ஆயிலில் இருக்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட முந்தைய ஓனரின் சோம்பேறித்தனத்துக்கு பில் கட்டப்போவது நீங்கள். விசில் போலச் சத்தம், ஏற்றத்தில் பிக்கப் இல்லாமை, நீலப்புகை இருந்தால் உஷார்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் மாடல் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் இருப்பது பெல்ட். குறிப்பிட்ட கிலோமீட்டர் அல்லது வருடங்கள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியே ஆக வேண்டும். 'வண்டி அதிகம் ஓடலைங்க' என்பது இங்கே சமாதானம் ஆகாது, நின்றாலும் ரப்பருக்கு வயசாகும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 லிட்டர் டீசலில் செயின். ஃபியட் வடிவமைத்த அந்த இன்ஜின் டாடா, செவ்ரோலே கார்களிலும் ஓடியதால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படி. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டாலும், பழைய டீசல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உதிரிபாகம் என்றதும் ஃபோர்டு ஞாபகம் வராமல் இருக்காது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த அந்நிறுவனம், 2022-ல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஈகோஸ்போர்ட் டீசல் ஓட்ட அருமையான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கும் முன் உங்கள் ஊரில் அதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள், பாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துவிடுங்கள்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல்களும் இப்போது பழைய கார் சந்தையில் வரத் தொடங்கிவிட்டன. இவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, பெயர் டி.பி.எஃப். சேர்ந்த கரி எரிய, வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர், அதிலும் பாதி நேரம் சிக்னலில் என்றால் அது அடைத்துக்கொள்ளும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்குக்கு மட்டும் கார் வேண்டுமென்றால் டீசல் பக்கமே போகாதீங்க.

பேப்பர் செலவு

டெல்லி வண்டிக்கு முதலில் அங்கிருந்து என்.ஓ.சி. வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இங்கே வாழ்நாள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து அது குறையும், ஆனாலும் சில்லறைத் தொகை இல்லை. விலை பேசும்போதே இது யார் கணக்கு என்று கன்சல்டிங்காரரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். 2012 வண்டிக்கு 2027-ல் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஒரு டெல்லி டீசல் பி.எஸ்-3 என்றால் அது 2010 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் தலைநகரில் பி.எஸ்-4 அப்போதே வந்துவிட்டது. அதாவது 15 வருடம் ஏற்கெனவே முடிந்த வண்டி. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் பலர் கவனிக்காத ஒன்று. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு வருட மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். அதைத் தாண்டினால் 7,897. ஹூண்டாய் வெர்னா 1.6 டீசல் 1,582 சி.சி. வெறும் 82 சி.சி.க்காக இரண்டு மடங்குக்கும் மேல்!

சரி, வாங்கலாமா?

மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓட்டுவீர்கள், அதில் பெரும்பகுதி ஹைவே என்றால் தாராளமாகப் பார்க்கலாம். அப்போதும் கார் விலை போக ஒரு 50,000 ரூபாயாவது கையில் தனியாக இருக்கட்டும். வாங்கியதும் ஆயில், எல்லா ஃபில்டர்கள், தேவைப்பட்டால் பெல்ட் மாற்றுவதிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும்.

ஓடோமீட்டரை நம்பாதீங்க, அதைக் குறைத்து வைப்பது பெரிய வித்தை இல்லை. சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் உங்கள் மெக்கானிக்கையே அழைத்துப் போங்கள். முக்கியமாக, இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது பார்க்க வேண்டும். இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் கோளாறுகள் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே தெரியும். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். 'சார் வர்றாருன்னு இப்பதான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன்' என்று சொன்னால், டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள். மறுநாள் காலை சொல்லாமல் போய்ப் பார்க்கலாம்.