முதுகில் நீல டேப்பும் ஸ்கேன் படமும்

பொங்கலன்று பானையை இறக்கி வைக்கக் குனிந்த என் மனைவி, நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். "பிடிச்சுக்கிச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, காய்ச்சல் உண்டா, கீழே விழுந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. "இப்போ படம் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண், முதுகுத்தண்டின் இருபுறமும் இரண்டு நீல நிறப் பட்டைகளை ஒட்டிவிட்டது. "மூணு நாள் இருக்கட்டும்மா, இதோட குளிக்கலாம்" என்றது. போகும்போது இரண்டு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றிய என் மனைவி, வரும்போது தானாகவே இறங்கினாள்.

அன்று இரவே பெங்களூரிலிருந்து மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்கேன் படங்கள். டேப் ஒட்டுவதற்கு முன் எடுத்தது ஒரே சிவப்பு. ஒட்டிய பிறகு எடுத்தது நீலம். "பாருங்கப்பா, தசை இளகிடுச்சுன்னு ஸ்கேன்லயே தெரியுது" என்று எழுதியிருந்தான்.

முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்தவன் நான். இருட்டறையில் டெவலப்பரிலும் ஹைப்போவிலும் ஃபிலிமை முக்கி எடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் திரையில் படம் பார்த்த காலத்தில் ஓய்வு பெற்றேன். இப்படி ஒரு படத்தைக் காட்டினால் சும்மா இருக்க முடியுமா? ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டேப்பின் கதை. 1970களில் ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே என்ற கைரோபிராக்டர் உருவாக்கியது இது. பருத்தித் துணி, நீளவாக்கில் ரப்பர் போல இழுபடும், பின்புறம் பசை. மருந்து எதுவும் கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் ஒட்டிக்கொண்டு ஆடியபோதுதான் உலகம் கவனித்தது. 2012 யூரோ கால்பந்து அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி நின்ற இத்தாலியின் பலோட்டெல்லி முதுகிலும் நீலப் பட்டைகள்தான்.

தோலை லேசாகத் தூக்கிப் பிடிக்கும், அடியில் ரத்தமும் நிணநீரும் ஓட இடம் கிடைக்கும், வலி குறையும் என்பது விளக்கம். ஒரு பக்கமிருந்து ஒட்டினால் தசை இளகும், எதிர்ப்பக்கமிருந்து ஒட்டினால் தசை ஊக்கம் பெறும் என்றும் சொல்கிறார்கள். ஒரே துணி, ஒட்டும் திசையைப் பொறுத்து இரண்டு நேர்மாறான வேலையைச் செய்யும் என்றால் அளந்து பார்க்கத்தானே வேண்டும்?

எதை வைத்து அளப்பது? எங்கள் எக்ஸ்ரே இதற்கு உதவாது. அது எலும்பைக் காட்டும், தசையை நிழலாகத்தான் காட்டும். அல்ட்ராசவுண்டில் முதுகுத் தசையின் தடிமனை அளக்கலாம். அதிலேயே எலாஸ்டோகிராஃபி என்று ஒரு முறை வந்திருக்கிறது. நம்மில் சர்க்கரை உள்ள சிலர் கல்லீரலுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுத்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். உள்ளே ஒரு சிறு அதிர்வை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்கிறார்கள். இறுகிய தசையில் வேகமாக ஓடும், இளகிய தசையில் மெதுவாக ஓடும். அந்த வேகத்தைக் கம்ப்யூட்டர் நிறமாக மாற்றிக் காட்டும். மகன் அனுப்பிய சிவப்பும் நீலமும் அதுதான்.

அருமையான கருவிதான். ஆனால் படம் எடுத்தே பழகியவனுக்கு உடனே சந்தேகங்கள் வரும். ஸ்கேன் கருவியின் தலையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே அடியில் உள்ள தசை இறுக்கமாகத் தெரியும். குப்புறப் படுத்தவர் வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்தால் ஒரு கணக்கு, வைக்காவிட்டால் ஒரு கணக்கு. பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தாலே தசை தளர்ந்துவிடும், அதற்கு டேப் எதற்கு? போதாக்குறைக்கு, ஒலி அலைக்குக் காற்று ஆகாது. அதனால்தான் ஸ்கேன் எடுக்கும்போது ஜெல் தடவுகிறார்கள். துணி டேப்புக்குள் இருப்பது காற்றுதான். ஆகவே டேப்புக்கு நடுவே இடைவெளி விட்டோ, டேப்பை எடுத்துவிட்டோ பார்க்க வேண்டும். எது முன், எது பின் என்று தெரிந்த ஆளே அளந்தால், அவர் கை அறியாமலே ஒரு பக்கம் சாயும். நானே அப்படிச் சாய்ந்திருக்கிறேன்.

ஆகவே சிவப்பு நீலமானது மட்டும் ஆதாரம் ஆகாது. உண்மையான டேப் ஒரு கூட்டத்துக்கும், இழுக்காமல் சும்மா ஒட்டிய டேப் இன்னொரு கூட்டத்துக்கும் போட்டு ஒப்பிட வேண்டும். பிரேசிலில் அதைச் செய்தார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வு. நாள்பட்ட முதுகுவலி உள்ள 148 பேர், நான்கு வாரம். ஒரு பாதிப் பேருக்கு முறைப்படி இழுத்து, தோலில் சுருக்கம் விழும்படி ஒட்டினார்கள். மறு பாதிக்கு இழுக்காமல் ஒட்டினார்கள். இரண்டு கூட்டத்துக்குமே வலி குறைந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதாவது, இழுத்து ஒட்டுவதால்தான் பலன் என்ற கதை நிற்கவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். காப்பி கொண்டுவந்த மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். "இது வெறும் ஸ்டிக்கர். காசு தண்டம்" என்று முடித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் டேப்பைப் பிரித்துப் போட்டுவிட்டாள்.

அடுத்த நான்கு நாள் அவள் வாசற்படி தாண்டவில்லை. மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்க வரவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்கும் வரவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன்.

"அது ஒட்டியிருந்தா முதுகு ஞாபகம் இருக்குங்க. பார்த்துக் குனிவேன். யாரோ பின்னால கை வெச்சுத் தாங்குற மாதிரி ஒரு தைரியம். உங்க ஸ்கேன்ல என் பயம் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. வருடங்களுக்கு முன் ஒரு கைத்தறி நெசவாளி இடுப்புவலி என்று வந்தார். படம் எடுத்தேன். அந்த வயதில் யாருக்கும் இருக்கிற தேய்மானம்தான். ஃபிலிமைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "எலும்பு தேஞ்சு போச்சா சார்?" என்றார். நானும் கெட்டிக்காரத்தனமாக விரல் வைத்துக் காட்டினேன். அதன்பிறகு அவர் தறியில் உட்காரவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். வலியைவிடப் படம்தான் அவரை முடக்கியது. அதில் என் விரலுக்கும் பங்கு உண்டு.

1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. நம் ஊரில் "ஜவ்வு விலகியிருக்கு" என்று சொல்வார்களே, அதேதான். வலி இல்லாமலே படம் இப்படி இருக்கும். வலி குறைந்தும் படம் மாறாமல் இருக்கும். இது எனக்கு வேலையில் இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தசையைப் படம் பிடிப்பதே வீணா? இல்லை. ஆஸ்திரேலியாவில் முதல்முறையாக முதுகுவலி வந்த 39 பேரின் மல்டிஃபிடஸ் என்ற தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். தண்டுவடத்தை ஒட்டி ஆழத்தில் இருக்கும் சிறு தசை அது. நான்கு வாரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் வலி போய்விட்டது. ஆனால் வலி வந்த பக்கம் சிறுத்துப்போன தசை, பயிற்சி செய்யாதவர்களுக்குப் பத்து வாரம் ஆகியும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குத் தேறியது. ஒரு வருடத்துக்குள் மறுபடி வலி வந்தது பயிற்சிக் கூட்டத்தில் 30 சதவீதம் பேருக்கு, மற்றதில் 84 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வலி போனதும் "சரியாயிடுச்சு" என்று உட்கார்ந்துவிடுகிற நமக்கு, உள்ளே வேலை பாக்கி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது படம்தான்.

என் கருத்து இதுதான். டேப் தசையை மாற்றுகிறது என்று வண்ணப்படம் காட்டி விற்பது நேர்மையில்லை. வலிக்கும் ஆள் எழுந்து நடக்க அது ஒரு கைப்பிடியாக இருந்தால், அதைப் பரிகசிப்பதும் நேர்மையில்லை. ஆனால் கைப்பிடி படியேறுவதற்குத்தான். பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பதற்கு இல்லை. டேப் கொடுக்கிற அந்த நாலு நாள் தைரியத்தில் நடக்க வேண்டும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் டேப் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அது காசு தண்டம்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் தோல் மெல்லியது. டேப்பைச் சடாரென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். நனைத்து, முடி படியும் திசையில் மெதுவாகப் பிரியுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கால் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு முதுகுவலி, விழுந்தபின் வந்த வலி என்றால் டேப் ஒட்டிக் காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள்.

நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு, நானே போய் அவளுக்கு ஒரு சுருள் டேப் வாங்கி வந்தேன். கூடவே ஓர் ஒப்பந்தம். டேப் ஒட்டுகிற நாளெல்லாம் பயிற்சியும் உண்டு. எங்கள் வீட்டு அளவுகோல் ஸ்கேன் இல்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைத்தேன். மாசியில் 26 நொடி. சித்திரையில் 15. இப்போது குளக்கரையை இரண்டு சுற்று வருகிறாள். மூன்றாவது சுற்றில் நான்தான் பெஞ்சைத் தேடுகிறேன்.

பாதிச் சுருள் டேப் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அவள் அதைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.